சினையறிதல்: முறையும் விலையும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் அச்சொல் அப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. ஆவாகிய செல்வம் பெருகுவது ஈற்றினால். ஈற்றுக்கு முற்பட்டது சினை. ஆதலின் ‘இந்த ஆ சினையுற்றதா, அன்றா?’ என்பது ஆவினம் பேணும் மக்கட்கெல்லாம் எக்காலத்தும் தலையாய வினாவாக இருந்து வந்துள்ளது. இவ்வினாவுக்கு விடை காண மாந்தர் கையாண்ட முறைகள் யாவை, அவற்றுக்கு அவர்கள் கொடுத்த விலை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விலை என்று யாம் கூறுவது காசு மட்டுமன்று. காத்திருந்த நாளும், பயனின்றி இட்ட தீனியும், பிழைபட்ட முடிவால் இழந்த கன்றும் அதனுள் அடங்கும்.

சொல் காட்டும் நிலைகள்

தொல்காப்பிய மரபியல் எருமை, மரை, பெற்றம் ஆகியவற்றின் பெண்ணுக்கு நாகு என்னும் பெயரை வகுக்கின்றது. அந்நூலின் உரியியல் புனிறு என்பதற்கு ஈன்றணிமை எனப் பொருள் உரைக்கின்றது. அண்மையில் ஈன்ற ஆ புனிற்றா எனப்பட்டது அதனாலேயே. இளமைக்கும் ஈன்றணிமைக்கும் இடைப்பட்ட நிலையைச் சுட்டுவது சினை. இச்சொல் இலக்கணத்தில் முதற்பொருளின் உறுப்பையும், மரத்தில் கிளையையும், விலங்கிலும் மீனிலும் கருவையும் குறிக்கும். பரதவர் சினைச்சுறாவின் கோட்டை நட்டு வழிபட்டமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. முதலினின்று கிளைப்பது என்னும் கருத்து மூன்று பொருளுக்கும் பொதுவாதல் காண்க.

உழவர் வழக்கு இச்சினையை மேலும் இரண்டாகப் பகுக்கின்றது: ஒன்று இளஞ்சினை, மற்றொன்று நிறைசினை. நிறைசினைக்குச் சான்று வேண்டுவதில்லை. மடி இறங்கும், வயிறு பருக்கும், வலப்பக்க விலாவின் கீழ்க் கையை ஊன்றித் தள்ளித் தளர்த்தினால் கன்றின் உடல் வந்து கையில் மோதும். இடப்பக்கத்தை அசைபோடும் பெருவயிறு நிறைத்திருத்தலின் வலப்பக்கமே கன்றைக் காட்டுவதாயிற்று. ஆகவே ஐயமெல்லாம் இளஞ்சினை பற்றியதே. சினையறிதலின் வரலாறு என்பது இளஞ்சினையை அறிய முயன்ற வரலாறே ஆகும்.

இங்கே மற்றொரு சொல்லும் கருதத்தக்கது. ஆவொடு சேர்க்கும் காளையைப் பொலிகாளை என்பர். களத்தில் குவித்த நெல்லும் பொலி எனப்படும். கல்வெட்டுகளில் பொலிசை, பொலியூட்டு என்பன வட்டியைக் குறிக்கும். பெருகுதல் என்னும் ஒரே அடிப்பொருள் காளைக்கும் களத்துக்கும் கடனுக்கும் பொதுவாக நிற்கின்றது. ஆவை முதலாகவும் கன்றைப் பொலிசையாகவும் எண்ணிய மனநிலையை இச்சொல் காட்டுகின்றது எனக் கொள்வதில் தவறில்லை. முதலை வைத்தவன் பொலிசை எப்போது வரும் எனக் கேட்பது இயல்பன்றோ?

காளையே கருவி

பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை காளையை நாடும். சினையுற்றபின் அந்நாட்டம் நின்றுவிடும். ஆதலின் மந்தையில் காளை உடனிருந்த காலத்தில் சினையறிதற்குத் தனிமுறை எதுவும் வேண்டப்படவில்லை. சினை தங்காத பசு மூன்று வாரத்தில் மீண்டும் வேட்கை கொள்ளும், காளை அதனை அறியும், மீண்டும் சேரும். காளை கருவைத் தந்தது மட்டுமன்று. கரு தங்காமையைக் கண்டறிந்து அப்பொழுதே குறையைத் தீர்த்தும் வந்தது. ஒரே உயிர் இரு பணிகளையும் ஆற்றியது.

இம்முறை முற்றிலும் பிழையற்றதன்று என்பதையும் முன்னோர் அறிந்திருந்தனர். சேர்ந்த காளை வலப்பக்கமாக இறங்கின் ஆண்கன்றும் இடப்பக்கமாக இறங்கின் பெண்கன்றும் பிறக்கும் என்னும் நம்பிக்கையை உரோமானிய அறிஞர் வாரோ குறிக்கின்றார். கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண் நூல் இயற்றிய கொலுமெல்லா இந்நம்பிக்கைக்கு ஒரு தடை எழுப்புகின்றார். ஒருமுறை சேர்ந்தபின் பசு காளையை ஏற்காதிருந்தாலன்றி இதனை மெய்ப்பித்தல் இயலாது. அவ்வாறு ஏற்காதிருத்தலோ அரிது. சினையுற்ற பசுவும் காளையை ஏற்பதுண்டு என்பது அவர் கூற்றின் சாரம். சினையுற்ற பசுக்களுள் நூற்றுக்குச் சில வேட்கைக் குறி காட்டும் என்பதை இக்கால ஆய்வும் ஒப்புகின்றது.

அரசும் சமயமும் இவ்வறிவை வேண்டின. உரோமர் ஏப்ரல் 15ஆம் நாள் நிலமகளுக்குச் சினைப்பசுவைப் பலியிட்டனர். ஃபோர்திசிதியா என்னும் அவ்விழாவின் பெயரே சினைப்பசுவைக் குறிக்கும் ஃபோர்தா என்னும் சொல்லால் அமைந்தது. கோடையில் காளை சேர்ப்பது அவர்தம் வழக்கமாதலின், ஏப்ரலில் பசு நிறைசினையாக இருந்திருக்கும். தேர்வோர்க்கு ஐயம் எழுந்திராது.

கௌடிலீயம் சினையைக் கணக்கில் ஏற்றுகின்றது. கிழப்பசு, கறவை, சினைப்பசு, முதற்சினைக் கிடேரி, இளங்கிடேரி ஆகிய ஐவகையையும் சம அளவாகக் கொண்ட நூறு தலை மந்தையை ஒருவன் ஏற்று மேய்த்து, ஆண்டுக்கு எட்டு வாரக நெய் அரசுக்குச் செலுத்த வேண்டும் என அது விதிக்கின்றது. ஐவகை சமமாயின் வகைக்கு இருபது. சினை என எண்ணி ஏற்ற பசு வெறும்பசுவாக முடியின், நெய்க்கடன் குறையாது. ஏற்றவனே அக்குறையைச் சுமந்திருப்பான் என உய்த்துணரலாம்.

தமிழகத்துக் கோயில்களில் எரிந்த நந்தாவிளக்குகளின் பின்னும் இதே கணக்கு நிற்கின்றது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகளோ 32 பசுக்களோ விடப்பட்டமையும், அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தமையும் சோழர் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படுவன. அம்மந்தைகள் சாவா மூவா என்னும் அடைபெற்றன. ஒவ்வோர் உயிரும் மூத்துச் சாகும். மந்தை சாகாதிருப்பது ஈற்றினால். சினை தவறாது தங்கும் என்னும் நம்பிக்கையே அவ்வறக்கட்டளையின் கண்ணுக்குப் புலப்படாத அடித்தளம்.

இக்காலப்பகுதியில் சினையறிதலின் விலையைத் தனியாக எவரும் எண்ணவில்லை. பொலிகாளை பெரும்பாலும் ஊர்ப்பொதுவாகவோ கோயிலுக்கு விடப்பட்டதாகவோ இருந்தது. அதனைப் பேணும் செலவு ஊரார் அனைவரிடத்தும் பரந்து கிடந்தமையின், ஒருவர்க்கும் சுமையாகத் தோன்றவில்லை.

காளை நீங்கியபின்

இந்தியாவில் செயற்கைக் கருவூட்டல் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் தொடங்கப்பெற்றது. விடுதலைக்குப்பின் அது நாடெங்கும் பரவியது. உழவர் அதனைச் சினை ஊசி என வழங்குகின்றனர். இம்முறையால் ஒரு காளையின் விந்து பல்லாயிரம் பசுக்களுக்குப் பயன்பட்டது. கூடுதல் பால் தரும் இனங்கள் பெருகின. காளை பேணும் செலவும் காளையின்வழிப் பரவும் நோயும் குறைந்தன. ஆயினும் காளை ஆற்றிவந்த இரு பணிகளுள் ஒன்றுக்கே ஊசி ஈடாயிற்று. கருவை அது தந்தது. கரு தங்கிற்றா என்பதை அது அறிவிக்கவில்லை. காளை நீங்கிய இடத்தில் அவ்வறிவு வெற்றிடமாயிற்று. இக்காலத்துச் சோதனை முறைகள் யாவும் அவ்வெற்றிடத்தை நிரப்ப எழுந்தவை என்பதே எம் துணிபு.

முதலில் வந்து நின்றது மாந்தர் கை. மலக்குடல் வழியே கையைச் செலுத்தி, அதன் சுவருக்கு அப்பாலுள்ள கருப்பையைத் தொட்டறியும் முறை, செயற்கைக் கருவூட்டல் பரவுதற்கு முன்னரே ஐரோப்பியக் கால்நடை மருத்துவர் கண்டது. நம் நாட்டில் 1903இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் வழியாக அது மருத்துவர் பயிற்சியின் பகுதியாயிற்று. தேர்ந்த கை 35 நாளளவிலேயே கருப்பையின் ஒரு கிளை பருத்து நீர் கொண்டிருத்தலையும், விரல்களுக்கிடையே கருச்சவ்வு நழுவுதலையும் உணரும். இரண்டரை மாதத்துக்குமேல் நஞ்சு ஒட்டிய முடிச்சுகள் கைக்குப் புலனாகும். நான்காம் மாத அளவில் கருப்பைக்குச் செல்லும் குருதிக்குழாய் தனித்ததோர் அதிர்வுடன் துடிக்கும்.

இம்முறைக்குக் கருவி வேண்டா. கையுறையும் சிறிது வழுவழுப்பும் போதும். விடையும் நின்ற இடத்திலேயே கிடைக்கும். ஆயின் அதன் உண்மை விலை கையில் இல்லை. கை பெற்ற பயிற்சியில் உள்ளது. நூற்றுக்கணக்கான பசுக்களைத் தொட்டறிந்த பின்னரே கை தேறும். தேறாத கை இளஞ்சினையைத் தவறவிடும். முரட்டுத்தனமாக அழுத்தின் கருவுக்கே கேடு செய்யும்.

நீரும் பாலும் குருதியும்

தொடாமல் அறியும் விருப்பமும் மிகப் பழையது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சார்ந்த எகிப்திய மருத்துவ ஏடு ஒன்று, பெண்ணின் சிறுநீரைக் கோதுமையிலும் வாற்கோதுமையிலும் நாள்தோறும் விடச்சொல்கின்றது. அவை முளைத்தால் அவள் மகப்பெறுவாள் என்கின்றது. எகிப்திய அறிஞர் சிலர் இதனைச் சோதித்து 1963இல் வெளியிட்டனர். கருவுற்ற மகளிரின் சிறுநீரில் நூற்றுக்கு எழுபது அளவில் முளைப்பு நிகழ்ந்தமையை அவர்கள் கண்டனர். கருநாடகத்து ஆய்வாளர் இருவர் இம்முறையைப் பசுவுக்கு விரித்து 1993இல் எழுதினர். ஆண்டு விளைவு தலைகீழாக அமைந்தது. சினைப்பசுவின் சிறுநீரை நீர் கலந்து விட்ட கோதுமை முளைக்காது குன்றிற்று. வெறும்பசுவின் சிறுநீரில் முளை வளர்ந்தது. ஒரு பிடி கோதுமையும் சில நாட் பொறுமையுமே இதன் விலை. ஆயினும் நீர் கலக்கும் அளவு, விதையின் தரம் முதலியன விளைவை மாற்றுதலின், இதனை மட்டும் நம்பி முடிவெடுத்தல் தகாது.

மகளிர்க்கு அஷ்ஹைம், சோண்டெக் என்னும் இருவரின் சிறுநீர்ச் சோதனை 1927-28இல் வந்தது. குதிரைக்கு, 1930இல் கோல், ஹார்ட் என்போர் சினைக்குதிரையின் குருதியில் கண்ட இயக்குநீர் வழிகாட்டியது. பசுவோ தன் மறையை எளிதில் வெளியிடவில்லை. மகளிரிடத்தும் குதிரையிடத்தும் மிகுந்து சுரக்கும் அத்தகைய இயக்குநீர் பசுவினிடத்து இல்லாமையே காரணம். எனவே பசுவுக்கு வேறு வழி தேட நேர்ந்தது. லேயிங், ஹீப் என்னும் இருவர் 1971இல் பாலிலுள்ள புரோஜெஸ்டிரோன் அளவை ஆராய்ந்து வெளியிட்டனர். கருவூட்டிய 21 முதல் 24 நாளில் அவ்வளவு தாழ்ந்திருப்பின் சினை இல்லை என்பது ஏறக்குறைய உறுதி. உயர்ந்திருப்பின் சினை இருக்கக்கூடும் என்பதே விடை. இல்லை என்பதில் வலிமையும் உண்டு என்பதில் மென்மையும் இச்சோதனையின் இயல்பு. பட்லர் முதலானோர் 1982இல் சினைப்பசுவின் நஞ்சிலிருந்து ஒரு தனிப்புரதத்தைப் பிரித்தனர். குருதியில் அதனைத் தேடும் சோதனை ஏறத்தாழ 28 நாளிலிருந்து பயன்படுவதாயிற்று. பியர்சன், ஜிந்தர் என்போர் 1984இல் மீயொலியால் கருவைக் கண்ணாற் காணும் முறையைக் கிடேரிகளில் விளக்கினர். துடிக்கும் இதயத்தையே திரையில் காட்டுதலின், கரு உயிரோடிருத்தலை அது அப்பொழுதே உறுதிசெய்கின்றது.

அறியாமையின் கணக்கு

இனி விலையை நோக்குவோம். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஆண்டுக்கொரு கன்று பெற வேண்டுமாயின் 365இல் எஞ்சுவது 85 நாளே. ஈன்ற கருப்பை பழைய நிலை எய்த 40 நாளுக்குமேல் செல்லும். மிகுந்த நாற்பது சொச்ச நாளில் 21 நாட் சுழற்சி இருமுறையே வரும். ஆகவே உரிமையாளர்க்குள்ள வாய்ப்பு இரண்டே. முதல் ஊசி தங்காமையை 21ஆம் நாளில் அறிந்தவர்க்கு இரண்டாம் வாய்ப்பு உண்டு. 60ஆம் நாளில் கைச்சோதனையால் அறிந்தவர் அதனினும் 39 நாள் பிந்தினார். வயிறு பருக்காமை கண்டு ஆறாம் மாதத்தில் அறிந்தவரோ அரையாண்டுத் தீனியை இழந்தார். அடுத்த ஈற்றும் பாலும் அவ்வளவு காலம் தள்ளிப்போயின. சோதனைக்குக் கொடுக்கும் கட்டணத்தை இவ்விழப்போடு ஒப்பிட்டே அதிகமா குறைவா எனக் கூறல் வேண்டும்.

விரைந்து அறிதலுக்கும் ஒரு விலை உண்டு. தொடக்க வாரங்களில் கரு அழிதல் பசுக்களிடை அரிதன்று. 28ஆம் நாளில் ‘உண்டு’ எனப்பட்ட சினை 60ஆம் நாளில் இல்லாதுபோகலாம். ஆதலின் முந்தி அறிந்தவர் மீண்டும் ஒருமுறை அறிய வேண்டும், செலவு இரட்டிக்கும். மறுதலைப் பிழை இன்னும் கொடியது. சினைப்பசுவை வெறும்பசு என மயங்கி மீண்டும் ஊசி போடின், கருப்பை வாயைக் கடக்கும் குழலே கருவை அழித்துவிடக்கூடும்.

இவ்விலை அனைவர்க்கும் ஒன்றன்று. மீயொலிக் கருவியின் விலையை ஐம்பது பசு உடைய பண்ணை ஐம்பதாகப் பகுத்துக்கொள்ளும். ஒரு பசு உடைய குடும்பம் அதனை எதனால் வகுக்கும்? மருத்துவர் வரும் வழிச்செலவோ, பசுவை ஓட்டிச்சென்று காத்திருந்து இழந்த நாட்கூலியோ அக்குடும்பத்துக்குக் கட்டணத்தினும் பெரிது. அதனால் அது சோதனையைத் தவிர்த்துக் காத்திருக்கின்றது. காத்திருத்தலோ எல்லாவற்றினும் விலை மிக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகின்றது. ஊர்ப்பொதுக் காளை இருந்தவரை சினையறிதலின் விலை பொதுவில் இருந்தது. காளை நீங்கியபின் அது தனியொருவரின் சுமையாயிற்று. முறைகள் நுண்ணியவாயின; ஆயின் நுண்மை ஏற ஏறச் சிறியவரினின்று அவை விலகின. இது மாற்றவியலாததன்று. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளில் 1933 முதல் 1994 வரை இயங்கிய பால் விற்பனை வாரியம், பாற்சோதனையை 1970களில் உறுப்பினர்க்கு ஒரு பணியாகவே வழங்கிற்று. சோதிக்க வேண்டிய பொருள் நாள்தோறும் கறக்கும் பாலேயாதலின், பாலைத் திரட்டும் பொதுநிறுவனத்துக்கு அது இயைந்த பணியாயிற்று. நம் நாட்டுச் சிற்றூர்களிலும் பால் கூட்டுறவுச் சங்கங்கள் காலையும் மாலையும் பாலை அளந்து கொள்கின்றன. பொதுக்காளை விட்டுச்சென்ற இடத்தில் பொதுச்சோதனையை அமைத்தற்குரிய வாயில் ஆண்டே உள்ளது. முதல் சிறிதாக உடையவர்க்கே பொலிசையின் நாள் முந்துறத் தெரிதல் வேண்டும்.