மாலைத்தீவுகளின் ஆழ்கடல் சுறா மீன்பிடி வரலாறு

மாலைத்தீவினர் நெடுங்காலமாகச் சூரை மீனை நம்பி வாழ்பவர்கள். சுறாவைப் பெரும்பாலும் அதன் ஈரல் எண்ணெய்க்காகவே பிடித்தனர். மரத்தாலான தோணிகள் உளுத்துப் போகாமல் இருக்க அந்த எண்ணெய் பூசப்பட்டது. தேவை சிறியது, பிடியும் சிறியது.

1970களின் நடுப்பகுதியில் தோணிகளுக்கு இயந்திரம் பொருத்தப்பட்டது. 1980ஆம் ஆண்டளவில் ஜப்பானியச் சந்தைக்காகப் புதிய மீன்பிடி ஒன்று தொடங்கியது. இலக்கு, பவளத்திட்டுகளின் வெளிச்சரிவில் பல நூறு மீட்டர் ஆழத்தில் வாழும் கல்பர் சுறா. பச்சையாக ஒளிரும் பெரிய கண்களும், முதுகுத் துடுப்புகளின் முன்னே முள்ளும் கொண்ட இச்சுறா, பல தூண்டில் முட்கள் கட்டிய நீண்ட கயிறுகளைச் செங்குத்தாக இறக்கிப் பிடிக்கப்பட்டது.

சுறாக்களுக்குக் காற்றுப்பை கிடையாது. ஆழத்தில் மூழ்காமல் நிற்க உதவுவது எண்ணெய் நிறைந்த ஈரல்தான். கல்பர் சுறாவின் ஈரல் உடல் எடையில் கால் பங்குவரை இருக்கும். அதில் மிகுந்துள்ள ஸ்குவாலீன் என்னும் பொருள் அழகுசாதனங்களுக்கும் மருந்துகளுக்கும் வேண்டப்பட்டது. ஆழத்தில் அதை வாழவைத்த உறுப்பே அதற்கு விலையும் வைத்தது.

எண்ணெய் ஏற்றுமதி 1980களின் முற்பகுதியில் உச்சத்தைத் தொட்டு, பின்னர் வீழ்ந்தது. கல்பர் பெண் சுறா பருவமடையவே 16 ஆண்டுகள்வரை ஆகலாம். கருவைச் சுமக்கும் காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். பெரும்பாலும் ஈனுவது ஒரே குட்டி. இத்தகைய உயிரினம் சில ஆண்டு வேட்டையைக்கூடத் தாங்காது. 1982க்கும் 2002க்கும் இடையில் இதன் இருப்பு 97 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிடப்படுகிறது.

இதற்கிடையே பவளத்திட்டுச் சுறாக்களின் கதை வேறு திசையில் சென்றது. சார்லஸ் ஆண்டர்சன், ஹுதா அகமது ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, புகழ்பெற்ற ஒரு முக்குளிப்பு இடத்தில் வாழும் ஒரு சாம்பல் சுறா ஆண்டுக்கு 33,500 அமெரிக்க டாலர் வருவாய் தருவதாகக் கணக்கிட்டது. அதே சுறா மீனவர் கையில் ஒருமுறை தருவதோ 32 டாலர்தான். சுறாப் பாதுகாப்புக்கு இதைவிட வலுவான வாதம் அப்போது இல்லை. ஆனால் இருளில் வாழும் கல்பர் சுறாவைக் காண எந்தச் சுற்றுலாப் பயணியும் பணம் கொடுப்பதில்லை. இந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. 2010இல் வந்த முழுமையான சுறாப்பிடித் தடைதான் அதையும் சேர்த்துக் காத்தது.

ஆழத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு 2022இல் கிடைத்தது. நெக்டன் ஆய்வுப் பயணத்தின் நீர்மூழ்கிக் கலங்கள் சாத்தோ ரஹா என்னும் கடலடி மலையருகே இறங்கின. இரவில் மேலெழுந்து இரைதேடும் சிற்றுயிர்கள், விடியலில் கீழிறங்கும்போது ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்தில் பாறைச் சரிவில் தடுக்கப்பட்டுக் குவிகின்றன. அவற்றைத் தின்ன மீன்கள் கூடுகின்றன. மீன்களைத் தேடிப் புலிச்சுறா, கொம்பன்சுறா முதலியவற்றோடு கல்பர் சுறாவும் அங்கே காணப்பட்டது.

2025இல் கல்பர் சுறாப்பிடியை மீண்டும் திறக்கும் திட்டத்தை மாலைத்தீவு அரசு அறிவித்தது. தடை விதிக்கப்பட்ட ஆண்டில் பிறந்த பெண் குட்டிகள் அப்போதுதான் பருவத்தை நெருங்கிக்கொண்டிருந்தன.