பிலோவீலா குடும்ப வழக்கு

ஆஸ்திரேலியாவில் புகலிடம் மறுக்கப்பட்ட இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று நடத்திய மறுஆய்வு வழக்கு. 2012, 2013-இல் தனித்தனியே படகில் வந்த பெற்றோர் குயின்ஸ்லாந்தின் பிலோவீலாவில் வாழ்ந்தனர். மகள்கள் இருவரும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள். 2018 மார்ச்சில், விடியற்காலையில் வீட்டுக்கு வந்த எல்லைக் காவலர்கள் நால்வரையும் தடுப்புக்காவலுக்குக் கொண்டுசென்றனர். 2019 ஆகஸ்ட் 29 இரவு அவர்களை நாடுகடத்தப் புறப்பட்ட விமானம், இடைக்காலத் தடையாணையால் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்துமஸ் தீவில் அடைக்கப்பட்டனர். மறுஆய்வில் நீதிமன்றம் ஒருவர் அகதியா என்று தீர்மானிப்பதில்லை. அரசு முடிவெடுத்த முறையையே சோதிக்கும். இளைய மகளுக்கு நடைமுறை நியாயம் மறுக்கப்பட்டதாகக் கூட்டாட்சி நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. முழு அமர்வு 2021 பிப்ரவரியில் அதை உறுதிசெய்தது. ஆட்சி மாறியபின், 2022 ஜூனில் குடும்பம் பிலோவீலாவுக்குத் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.