ஆறா, எட்டா? கடற்படைத் தலைவர் டிரையனின் வரலாறு

இருப்புப்பாதையிற் பணிபுரியும் நமக்குக் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் குருதியோடு ஊறிய பழக்கம். சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கிறோம். பச்சை கண்டால் செல்கிறோம். ஆயின், கட்டளையே பிழையானால் என் செய்வது? இவ்வினாவை எண்ணுந்தோறும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் சர் ஜார்ஜ் டிரையனின் வரலாறு நம் நினைவிற்கு வருகிறது.

1832-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்த்தாம்டன்ஷயரில் பிறந்த டிரையன், 1848-இல் கடற்படையிற் சேர்ந்தார். கிரிமியப் போரில் கரையிறங்கிப் போரிட்ட மாலுமிப் படையில் இருந்தார். 1868-ஆம் ஆண்டு அபிசீனியப் படையெடுப்பின்போது, இந்தியாவிலிருந்து படைகளைச் சுமந்துசென்ற கப்பல்கள் செங்கடலின் ஆன்ஸ்லி விரிகுடாவிற் குவிந்தன. அவற்றை ஒழுங்குசெய்து நற்பெயர் பெற்றவர் இவரே. 1882-இல் கடற்படைத் துறையின் செயலாளர். 1891-இல் மத்தியதரைக் கடற்படையின் தலைவர்.

போரின் புகையிற் கொடிச்சைகை கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் ஒவ்வொரு கப்பல் தலைவரும் தம் அறிவாற் செயற்படல் வேண்டும் என்பது டிரையனின் கொள்கை. ஆயினும் விந்தை பாரீர்! தம் திட்டங்களை முன்கூட்டி விளக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. அவரை எதிர்த்துக் கேட்கும் துணிவும் பலருக்கு இல்லை.

1893-ஆம் ஆண்டு ஜூன் 22. சிரியக் கரையில், திரிப்போலிக்கு அருகே, கப்பல்கள் இரு வரிசையாகச் சென்றன. ஒன்றின் முன்னே டிரையனின் ‘விக்டோரியா’. மற்றதன் முன்னே துணைத் தலைவர் மார்க்கமின் ‘கேம்பர்டவுன்’. இருவரிசையும் உள்நோக்கித் திரும்ப வேண்டும். இடைவெளி ஆறு கேபிள், அதாவது ஏறத்தாழ 1200 கெஜம். ஒரு கப்பல் திரும்பவே சுமார் 800 கெஜம் வேண்டும்; இரண்டுக்கும் 1600. எட்டு கேபிளாவது வேண்டும் என்று ஓர் அதிகாரி எடுத்துரைத்தார். டிரையன் இசைந்தார், பின்னர் ஆறு என்றே கட்டளையிட்டார். மார்க்கம் தயங்கினார். எதற்காகக் காத்திருக்கிறீர் என்று கேட்டுச் சைகை வந்தது. தலைவர் ஏதோ உபாயம் வைத்திருப்பார் என்று எண்ணி மார்க்கம் கீழ்ப்படிந்தார்.

‘கேம்பர்டவுன்’ ‘விக்டோரியா’வின் விலாவைப் பிளந்தது. கால்மணி நேரத்திற்குள் அக்கப்பல் மூழ்கியது. டிரையனோடு 358 உயிர்கள் மாண்டன. பிழை தம்முடையதே என்று அவர் இறுதியிற் கூறியதாக உயிர்தப்பியோர் சாட்சி சொன்னார்கள். தப்பியோருள் ஒருவரான ஜெல்லிகோ, 1916-இல் ஜட்லாந்துப் போரில் ஆங்கிலப் படையை நடத்தினார். 2004-இல் கண்டெடுக்கப்பட்ட அக்கப்பல், முன்புறம் சேற்றிற் புதைய, கடலடியில் நெட்டுக்குத்தாக நிற்கிறது.

மால்ட்டாவிற் கூடிய இராணுவ நீதிமன்றம் டிரையனையே குற்றவாளி என்றது. மார்க்கம் தம் ஐயத்தைத் தெரிவியாமைக்கு வருந்தியது. ஆயினும் நேரில் இருந்த தலைவரின் கட்டளையை நிறைவேற்றியவரைக் குறைகூறுதல் படையின் நலனுக்கே கேடாகும் என்றும் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பைப் படித்தபோது நம் நெஞ்சு குறுகுறுத்தது. முன்னொரு நாள் ஓர் அலுவலகத்தில், தாளொன்றில் வண்டி எண் பிழையாக இருப்பதை நாமே கண்டோம். கீழே பெரியவரின் கையெழுத்து இருந்ததால் வாய்திறவாது அனுப்பிவிட்டோம். சரக்கு வேறூர் சென்றது. உயிர்ச்சேதம் இல்லை, அது நம் நல்லூழ், நம் நற்செயலன்று.

அன்பர்களே! கீழ்ப்படிதல் கடமை. ஐயத்தைப் பணிவோடு எடுத்துரைப்பதும் கடமையே. அவ்வாறு உரைப்பவரைச் சினவாது கேட்டல் பெரியோர் கடமை. நம் இல்லத்துச் சிறுவர் “அப்பா, கணக்குத் தப்பு” என்று சொன்னால், ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக!