எந்த ஆண்டுகள் கணக்கில் சேரும்? சித்தூரும் நேட்டாலும் நிரந்தர வசிப்புரிமையும்

1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அதுவரை அவ்வூர் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைமையிடமாக இருந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் காரணத் தொடர்பு கிடையாது. ஆயினும் சித்தூர், சந்திரகிரி, பலமனேர் வட்டாரங்களிலிருந்து கடல் கடந்தவர்களைத் தேடும் ஆய்வாளர் இவ்விரு தேதிகளையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். நேட்டாலின் கப்பல் பதிவேடுகளில் ‘சித்தூர் மாவட்டத்தார்’ எனப் பெரும்பாலும் எவரையும் காண முடியாது. சித்தூர்க்காரரும் திருப்பதிக்காரரும் அவற்றில் பெரும்பாலும் வட ஆர்க்காடு ஜில்லாவினராகவே வருவர்.

இன்று அதே சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் மாணவர்கள் முதுகலைப் படிப்புக்காகக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் செல்கின்றனர். அவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று: அங்கே எத்தனை ஆண்டுகள் படித்தால், எத்தனை ஆண்டுகள் வேலை செய்தால் நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும்? இக்கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம். ‘எத்தனை ஆண்டுகள்’ என்பதைக் காட்டிலும் ‘எந்த ஆண்டுகள்’ என்பதே சட்டம் எப்போதும் கேட்டுவந்த கேள்வி. அதைத் தெளிவாகக் காட்டும் வரலாறு நேட்டாலில் இருக்கிறது.

1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத்தின் பேரில் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை வழியாகப் போனவர்கள். சென்னை மாகாணத்தில் ஆட்களை மிகுதியாக அனுப்பிய ஜில்லாக்களின் வரிசையில் வட ஆர்க்காடு முன்னணியில் நின்றது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய அந்நிலத்திலிருந்து சென்ற இரு மொழியினரையும் நேட்டால் ‘மதராசி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கியது.

ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கானது. மாதக் கூலி முதலாண்டில் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் வீதம் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங் ஆகும். உணவும் உறைவிடமும் தனி. ஒப்பந்தம் முடிந்தபின் மேலும் ஐந்தாண்டுகள் நேட்டாலில் தங்கியவருக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பற்பயணம் உண்டு. இந்தப் பத்தாண்டுக் காலத்தை நேட்டால் சட்டம் ‘தொழில்வழி வசிப்பு’ என்று பொருள்படும் தொடரால் குறித்தது. 1870ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. திரும்பும் பயணத்தை விட்டுக்கொடுப்பவர் அதன் மதிப்புக்கு ஈடாக அரசு நிலம் பெறலாம் என அது கூறியது. உழைப்பும் வசிப்பும் சேர்ந்து நிலவுரிமையாக மாறக்கூடிய ஒரு வழி அப்போது சட்டத்தில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம். நடைமுறையில் மிகச் சிலரே அவ்வாறு நிலம் பெற்றனர். 1891இல் அந்த வழியும் அடைக்கப்பட்டது.

கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். ஆனால் அவர்கள் குடியானவர்களாக, வணிகர்களாக, வாக்காளர்களாக வளர்வதைக் குடியேற்ற வெள்ளையர் விரும்பவில்லை. 1893இல் நேட்டால் தன்னாட்சி பெற்றதும் இந்த விருப்பமின்மை சட்டங்களாக உருக்கொண்டது. 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் ஒப்பந்தம் முடிந்தவருக்கு மூன்று வழிகளை வைத்தது: மீண்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், இந்தியாவுக்குத் திரும்பலாம், இரண்டும் வேண்டாமெனில் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்தித் தங்கலாம். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். ஒப்பந்தத்தின் இறுதியாண்டுக் கூலியில் அது நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல். நேட்டால் அரசு முதலில் விரும்பிய தொகை 25 பவுன். இந்திய அரசின் இசைவைப் பெற 3 பவுனாகக் குறைத்தது. பின்னர் 16 வயது நிறைந்த மகனும் 13 வயது நிறைந்த மகளும்கூட இவ்வரிக்குள் வந்தனர்.

1897இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நேட்டாலுக்குள் நுழைபவர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். சட்டத்தில் இனத்தின் பெயர் இல்லை, மொழியின் பெயரே இருந்தது. மொழியியல் படிப்பவர்கள் இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். தமிழிலும் தெலுங்கிலும் எழுதத் தெரிந்த ஒருவர் இச்சட்டத்தின் பார்வையில் எழுத்தறிவற்றவர். இம்முறை ‘நேட்டால் வாய்பாடு’ எனப் பெயர்பெற்றுப் பிற குடியேற்ற நாடுகளுக்கும் பரவியது. 1901இல் ஆஸ்திரேலியா மேற்கொண்ட சொல்வதெழுதல் தேர்வு அதன் வழிவந்ததே. அத்தேர்வு 1958 வரை சட்டத்தில் நீடித்தது.

முன்னரே நேட்டாலில் நிலைத்த வசிப்புடையவருக்கு மொழித் தேர்விலிருந்து விலக்கு உண்டு. எனவே ‘நிலைத்த வசிப்பு’ என்றால் என்ன என்பதே வாழ்வாதாரக் கேள்வியாயிற்று. 1903ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு மூன்றாண்டு வசிப்பை அளவாக வைத்தது. ஒப்பந்தக் கூலியாகக் கழித்த ஆண்டுகளை அக்கணக்கிலிருந்து நீக்கியது. தன் செலவில் வந்து மூன்றாண்டு கடை நடத்திய வணிகர் அங்கே வசித்தவர் ஆகிறார். ஐந்தாண்டு கரும்பு வெட்டியவர், அந்த ஐந்தாண்டுகளைப் பொறுத்தவரை, அங்கே வசித்தவரே ஆகார். 1913ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் இதைப் பொதுவிதியாக்கியது. நிபந்தனையின் பேரிலோ தற்காலிகமாகவோ அனுமதிக்கப்பட்ட வசிப்பு மூன்றாண்டுக் கணக்கில் சேராது.

தமிழில் ‘குடி’ என்னும் வேர்ச்சொல் குடியிருத்தலையும் குடிமையையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. ஓரிடத்தில் குடியிருப்பவர் அவ்விடத்தின் குடி என்பது அச்சொல்லுக்குள் அடங்கிய எண்ணம். நேட்டாலின் சட்டங்கள் அவ்விரு பொருளையும் பிரித்தன. உடல் அங்கே இருந்தது. உழைப்பு அங்கே நடந்தது. வசிப்பு மட்டும் நிகழவில்லை.

1913 இறுதியில் நேட்டாலில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் முதன்மையான கோரிக்கை 3 பவுன் வரியை நீக்குவது. 1914ஆம் ஆண்டின் இந்தியர் துயர்தணிப்புச் சட்டம் அவ்வரியை ஒழித்தது. அதே சட்டத்தில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பிரிவும் உண்டு. நேட்டால் அரசு வழங்கிய, பெருவிரல் ரேகை பதிந்த வசிப்புச் சான்றிதழை ஒருவர் காட்டி, ரேகை அவருடையதே என மெய்ப்பிக்கப்பட்டால், அதுவே அவரது நுழைவுரிமைக்குப் போதுமான சான்று என்றது அப்பிரிவு. அத்தாளை வைத்திருந்தவர் ஒவ்வொரு முறையும் தம் வாழ்க்கையை அதிகாரிக்கு மெய்ப்பிக்கும் சுமையிலிருந்து விடுபட்டார்.

ஒப்பந்தக் கூலியையும் இன்றைய மாணவரையும் சமமாக வைப்பது தவறு. வேலையை விட்டதற்காக மாணவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் இன்றில்லை. திரும்பிவரும் வழியும் அவருக்குத் திறந்தே இருக்கிறது. மாறாதது கணக்கிடும் முறை ஒன்றே. கனடாவில் 2008இல் தொடங்கிய அனுபவ வகுப்புத் திட்டத்தின் இன்றைய விதிப்படி, விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்றாண்டுகளுக்குள் அந்நாட்டில் ஓராண்டுத் திறன்சார் பணி வேண்டும். முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை அதில் சேராது. அந்நாட்டின் குடியுரிமைக்கான கணக்கில், நிரந்தர வசிப்புரிமைக்கு முன்பு தற்காலிக அனுமதியில் சட்டப்படி கழித்த ஒரு நாள் அரை நாளாகிறது. அவ்வாறு சேரும் நாட்களின் உச்சவரம்பு 365. 2015இல் இந்த அரை நாளும் நீக்கப்பட்டு, 2017இல் மீண்டும் தரப்பட்டது. ஜெர்மனியிலோ படிப்புக்கு வேறுவகை மதிப்பு. அங்கேயே பட்டம் பெற்றவர், தகுதிக்குரிய வேலையில் இரண்டாண்டுகள் இருந்தால், பிற நிபந்தனைகளுக்கு உட்பட்டு நிலைத்த உரிமம் கோரலாம். அமெரிக்காவில் ஆண்டுகள் கூடினாலும் வரிசை நகர்வதில்லை. வேலைவழி நிரந்தர வசிப்புக்கு எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் ஏறத்தாழ 7 விழுக்காடே என்ற வரம்பு அங்குண்டு.

நேட்டால் இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது, கணக்கின் விதி இடையில் மாறும். 1870இல் நிலத்துக்குத் தகுதியளித்த அதே உழைப்பு 1903இல் வசிப்பாகக்கூட எண்ணப்படவில்லை. ஆகவே புறப்படும் நாளின் விதியை இறுதி வாக்குறுதியாகக் கொள்வது பிழை. இரண்டாவது, வாழ்ந்த ஆண்டுகளுக்குச் சான்றாவது தாள். பணிச்சான்று, ஊதியச் சீட்டு, அனுமதிக் கடிதம் ஆகியவற்றை முதல் மாதத்திலிருந்தே சேர்த்துவைப்பது, பெருவிரல் ரேகைச் சான்றிதழைப் பெட்டிக்குள் பாதுகாத்தவர் செய்த அதே செயல்தான்.

சித்தூர், திருப்பதி வட்டாரக் குடும்பங்களில் ‘தாத்தாவின் தம்பி கப்பலேறிப் போனார், திரும்பவில்லை’ என்னும் பேச்சு இருக்குமானால், அதைக் கேட்டு எழுதிவைக்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகிறேன். பதிவேடுகளில் தேடும்போது மாவட்டத்தின் இன்றைய பெயரை விட்டுவிட்டு வட ஆர்க்காடு என்று தேடுங்கள். தாலுகாவும் கிராமமும் அதற்கடுத்த பத்திகளில் இருக்கும். அங்கே எழுதப்பட்டிருப்பவர்களின் ஆண்டுகளை அந்நாட்டுச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. வரலாறு எழுதும் நாமாவது எடுக்க வேண்டும்.