அரிவாள் (பழனி மலையடிவாரம்)

அரிவாள் என்பது மரப்பிடி பொருத்திய, முனை வளைந்த இரும்பு வெட்டுக்கருவியாகும். திண்டுக்கல் மாவட்டத்தின் கன்னிவாடி உள்ளிட்ட பழனி மலையடிவார ஊர்களில் விறகு வெட்டவும், முள் கழிக்கவும், வாழைத்தார் அறுக்கவும், காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கவும் இது பயன்படுகிறது. தென்மாவட்டங்களில் அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி. 'திருப்பாச்சி அரிவாள்' என்ற வழக்கு அவ்வூரின் பெயரால் வந்தது.

செய்முறை

இன்றைய பட்டறைகளில் பழைய லாரிகளின் எஃகு வில்பட்டை பெரிதும் பயன்படுகிறது. துண்டாக்கிய பட்டையைக் கரி உலையில் சிவக்கக் காய்ச்சி, ஒருவர் குறட்டால் பிடிக்க மற்றவர் சம்மட்டியால் அடித்து வடிவம் கொடுப்பர். பின்னர் வாய்ப்பகுதியை மீண்டும் காய்ச்சி நீரில் தோய்ப்பர். பதம் மிகுந்தால் வாய் தெறிக்கும், குறைந்தால் மடங்கும். காய்ந்த எஃகின் நிறமே கொல்லருக்கு அளவு. அலகின் காம்பைச் சூடாக்கி மரப்பிடியின் துளைக்குள் இறக்குவர். பிடி பிளக்காமல் இருக்க அதன் வாயில் இரும்புப் பூண் இடப்படும்.

வரலாறு

இப்பகுதியில் இரும்பின் பயன்பாடு மிகப் பழமையானது. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில் இரும்புப் பொருள்கள் கிடைத்தன.

நாயக்கர் காலத்தில் கன்னிவாடி ஒரு பாளையத்தின் தலைமையிடமாக இருந்தது. 1801இல் பாளையக்காரர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. இதே அடிவாரத்து விருப்பாச்சியின் கோபால நாயக்கரும் அக்கிளர்ச்சியில் ஈடுபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ், பாளையங்களின் ஆயுதங்களை ஒப்படைக்க ஆணையிட்டார். கோட்டைகளும் படைகளும் மறைந்தன. வயலுக்கும் காட்டுக்கும் தேவைப்பட்ட அரிவாள் மக்கள் கையிலேயே இருந்தது. காவல் தெய்வமான கருப்பசாமியின் கையிலும் அரிவாளே உள்ளது. அதையே நேர்த்திக்கடனாகச் செலுத்தும் வழக்கமும் தொடர்கிறது.

சட்டம்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் 1962இல் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதமாகக் கொண்டன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்குமென வடிவமைக்கப்பட்டவை அதில் அடங்கா. ஆகவே அரிவாளின் நிலையை அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதும் பார்க்கப்படுகிறது.

கொலைக் குற்றங்களைத் தொடர்ந்து 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை, அரிவாள் வாங்குவோரின் விவரங்களைப் பதிவு செய்யுமாறு பட்டறைகளை அறிவுறுத்தியது. விறகுக்கு வாங்குபவரையும் பகைக்கு வாங்குபவரையும் பிரித்தறியும் பொறுப்பில் ஒரு பங்கு இவ்வாறு கொல்லர் மீதும் விழுந்தது. உலையில் எஃகின் பதத்தை நிறத்தால் அறியலாம். வாங்குபவரின் நோக்கத்தை அறிய அத்தகைய அடையாளம் ஏதுமில்லை.