சலங்கில் வந்த ஒயின், ஆயா வெச்ச குழம்பு

போன வாரம் எங்க வீட்டுல ஒரு சின்ன டெஸ்டிங் நடந்தது. பிரான்ஸ்லேர்ந்து லீவுக்கு வந்த மாமா பையன் ஒரு முஸ்கடே பாட்டில் கொண்டு வந்தான். வெள்ளை ஒயின். "மீனுக்குன்னே பொறந்த ஒயின்"னு பில்டப் வேற. நம்ம வீடு வைத்திக்குப்பம், மீனுக்கா பஞ்சம்? ஆயா வெச்ச கானாங்கெளுத்திக் குழம்போட குடிச்சுப் பார்த்தோம். ஒயின் இருந்த இடமே தெரியல. வாயில மிச்சம் இருந்தது மிளகாய் எரிச்சல் மட்டும்தான், அதுவும் ரெண்டு மடங்கா.

ஏன் இப்படி ஆச்சுன்னு தோண்டப் போய் வந்ததுதான் இந்த எபிசோட்.

முஸ்கடேயோட ஊர், லுவார் ஆறு கடலில் கலக்கிற பக்கம் இருக்கும் நான்த் நகரத்தைச் சுற்றிய பகுதி. 1709-இல் ஐரோப்பாவே விறைத்துப் போன ஒரு குளிர்காலம். அங்கிருந்த திராட்சைக் கொடிகள் கருகிப் போயின. அதுக்கப்புறம் குளிர் தாங்கும் மெலோன் என்ற ரகத்தைப் பரவலாக நட்டார்கள். அதில் வருவது லேசான, நல்ல புளிப்புள்ள ஒயின். அந்த ஊர்க்காரங்க அதைப் பச்சைச் சிப்பியோடவும், வெண்ணெய் சாஸ் ஊற்றிய ஆற்று மீனோடவும் குடிப்பாங்க. அதாவது, நாம எலுமிச்சை பிழியிற இடத்துல அவங்க ஒயினை வெச்சிருக்காங்க.

நம்ம குழம்புல ஏற்கெனவே புளி இருக்கு. சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பா இருந்தா ஒயின் சப்புன்னு ஆயிடும். ஆல்கஹால் காரத்தையும் தூக்கி விடும். சரி, சிவப்பு ஒயின் குடிச்சா? அதுல இருக்கிற இரும்புச்சத்துதான் மீனோட சேர்ந்து கவிச்சி வாடையைக் கிளப்புதுன்னு 2009-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இப்ப நம்ம ஊர் கதை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிச்சது 1664. பத்து வருஷத்துல புதுச்சேரி அவங்க கையில். இங்கேர்ந்து போன துணிகளை ஒரு காலத்தில் ஏலம் விட்டதே அந்த நான்த் நகரத்தில்தான். அப்போ திரும்பி வந்த கப்பல்ல முஸ்கடே வந்திருக்கலாமே? கஷ்டம். ஆப்பிரிக்காவைச் சுத்தி, பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி, மாசக்கணக்கில் வெக்கையில் கிடக்கணும். லேசான வெள்ளை ஒயின் அதுக்குள்ள கெட்டுடும். பிராந்தி கலந்த மதீரா மாதிரி கெட்டி ஒயின் அந்தப் பயணத்தை நல்லா தாங்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான். புதுச்சேரியில் அப்போ துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். பீப்பாய்களைக் கரைக்குக் கொண்டு வந்தது இந்தக் கரையோர மீனவர்களின் சலங்கு. பலகைகளை ஆணி அடிக்காம கயிற்றால் தைத்த படகு. அலை அடிச்சா உடையாது, வளைஞ்சு கொடுக்கும். (இன்ஜினியரிங் காலேஜ்ல நாலு வருஷம், இதை ஒருத்தர் சொல்லலை.) 1866-இல் இரும்புப் பாலம் வந்த பிறகு சலங்குக்கு வேலை குறைஞ்சது. அந்தப் பாலமும் 1952 புயலில் போச்சு.

சலங்கு என்ற நம்ம சொல்லையே பிரெஞ்சுக்காரங்க எடுத்து அவங்க எழுத்துல வெச்சுக்கிட்டாங்க. எந்த ஒயின், எந்த வருஷம், எந்தத் தோட்டம்னு லேபிளில் எழுதுற ஜனங்க அவங்க. அலைக்கு நடுவுல நின்னு பீப்பாய் இறக்கினவங்களை மட்டும் "மக்குவா"ன்னு மொத்தமா ஒரே பேர்ல எழுதிட்டுப் போயிட்டாங்க. நடுக்கூடத்துல உட்கார்ந்து அந்தப் பாட்டிலைத் திறந்தப்போ எனக்கு இதுதான் உறுத்துச்சு.

பாட்டில்ல பாதி மிச்சம் இருந்துச்சு. மறுநாள் நெத்திலி வாங்கி, மிளகாய்த்தூள் குறைச்சு, உப்பும் மஞ்சளும் தடவி வறுக்கச் சொன்னேன். இந்தத் தடவை செட் ஆச்சு! எண்ணெய்ப் பிசுக்கை ஒயின் அப்படியே கழுவி விட்டுது. அடுத்த நெத்திலிக்குக் கை தானா போச்சு.

ஆயாவுக்கும் ஒரு வாய் கொடுத்தேன். முகத்தைச் சுளிச்சாங்க.

"இதுக்காடா அவ்ளோ தூரத்துலேர்ந்து தூக்கினு வந்தான்? எலுமிச்சம்பழம் அஞ்சு ரூவாடா."