சிலோன்காரர் கை

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டது. அதில் எங்கள் தாத்தாவும் ஒரு தலை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலருக்குச் சமவெளியில் கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். தேயிலை மலையில் பிறந்தவருக்குத் தராசு பிடிக்கத் தெரியுமா? கடன் கரைந்தது, குடும்பத்தோடு நீலகிரி ஏறினார்.

தாயகம் திரும்பியோருக்காக அரசு 1968-ல் தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது. 1976-ல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகமானது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமெல்லாம் தோட்டம். ஆனாலும் வந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே பேர் பதியவில்லை.

எங்கள் வீட்டார் கோத்தகிரியில் உள்ளூர்ப் படுகர் மக்களின் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார்கள். முதலில் உருளைக்கிழங்கும் கேரட்டும். மண் வேலையில் ஆத்தாவுக்கு மனசு ஒட்டவில்லை. படுகர்கள் கிழங்குக் காட்டில் தேயிலை வைக்க வைக்க, அவள் மதிப்பும் ஏறியது. இரண்டு இலை, ஒரு மொட்டு. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் வீசுவாள், திரும்பிப் பார்க்கமாட்டாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தாத்தாவைத்தான் தேடி வருவார்கள். கூலிப் பேச்சில் மட்டும் அந்த மதிப்பைக் காணோம். “சிலோன்காரங்களுக்கு இது போதும்” என்பார்கள். தாத்தா கத்தியை உறையில் போட்டுவிட்டு அடுத்த தோட்டத்துக்கு நடப்பார். கூலியை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே ஆள் வரும்.